மலிவு கீயா, ஓஇஎம்மா, ரீட்டெயிலா: போர்டு போனப்புறம் எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம்

கொஞ்ச மாசத்துக்கு முன்னாடி என் டெஸ்க்டாப்போட மதர்போர்டு மண்டையைப் போட்டுடுச்சு. புது போர்டு வாங்கி, பழைய எஸ்எஸ்டியை அப்படியே தூக்கி மாட்டினேன், ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கு, அப்பாடான்னு நிமிர்ந்தா வலது பக்கம் கீழ் மூலைல சாம்பல் கலர்ல "விண்டோஸை ஆக்டிவேட் பண்ணு"ன்னு ஒரு எழுத்து வந்து உக்காந்திருக்கு. நாலு வருஷம் முன்னாடி ஆன்லைன்ல ஒரு செல்லர்கிட்ட அடிமாட்டு விலைக்கு வாங்குன கீ அது. பழைய மெயிலைத் தோண்டி அதே 25 எழுத்தை திரும்ப அடிச்சேன், இந்த கீ பிளாக் ஆயிடுச்சுன்னு வந்துச்சு. வித்த ஆளைத் தேடிப் போனா அவரு பக்கத்தையே காணோம்.

அப்புறம் ரெண்டு ராத்திரி உக்காந்து லைசென்ஸ் விதிமுறையை முழுசா படிச்சேன் (வாழ்க்கைல முதல் தடவை, அதுவரைக்கும் படிக்காம "ஒத்துக்கறேன்" பட்டனை அமுக்குற ரகம்தான் நானும்). படிச்சிட்டு ரீட்டெயில் லைசென்ஸ், அதாவது மெஷினோட சேராம தனியா விக்கிற லைசென்ஸ், வாங்கினேன். அதனால இந்த அலசல் நடுநிலையா இருக்கும்னு எதிர்பாக்காதீங்க, சொந்தக் காசைப் போட்டவன் சாய்வு இருக்கத்தான் செய்யும்.

கிராக், அதாவது லைசென்ஸ் பூட்டை உடைச்ச திருட்டுக் காப்பி, அது பத்தி நீட்டி முழக்க வேணாம். ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்கன்னு ஒருத்தன் சொல்றான்னா, பூட்டைக் கழட்டி வச்சிட்டு தூங்குங்கன்னு சொல்றான்னு அர்த்தம். 2009 ஜனவரில ஆப்பிளோட ஐவொர்க்ங்கிற ஆஃபீஸ் சாஃப்ட்வேரோட திருட்டுக் காப்பி டோரன்ட்ல சுத்துச்சு, உள்ள ஒரு ட்ரோஜனையும் (நல்ல சாஃப்ட்வேர் வேஷத்துல ஒளிஞ்சு வர்ற கெட்டது) சேத்துக் கட்டித்தான் விட்டிருந்தாங்க, மேக்குக்கு வைரஸே வராதுன்னு நம்புன ஆளுங்களும் மாட்டினாங்க. இன்னொண்ணு, கிராக்கை நாமளேதான் தேடிப் போய் எறக்கணும்னு இல்ல, புது மெஷின்லயே வந்துடும். சீனாவுல பல கடைகள்ல 20 புது கம்ப்யூட்டர் வாங்கி சோதிச்சதுல நாலுல மால்வேர் இருந்துச்சுன்னு மைக்ரோசாஃப்ட் 2012ல வெளிய சொன்னாங்க, அதுல ஒண்ணுல நிட்டோல்ங்கிற பாட்நெட் (பல பேர் கம்ப்யூட்டரைப் பிடிச்சு தூரத்துலேர்ந்து ஆட்டி வைக்கிற வலை) உயிரோட ஓடிட்டு இருந்துச்சாம். எல்லாத்துலயும் போலி விண்டோஸ். டப்பாவைப் பிரிக்கிறப்பவே நோயோட வந்திருக்கு.

சரி, மலிவு கீ. இங்கதான் என்னை மாதிரி ஆளுங்க ஏமாறுறோம், ஏன்னா போலின்னா கீயே பொய்யா இருக்கும்னு நினைச்சுக்கறோம், அடிச்சா வேலை செய்யுது, அப்ப இது ஒரிஜினல்தானேன்னு தோணுது. கீ பெரும்பாலும் நிஜம்தான், அதை விக்கிற உரிமைதான் போலி. ஒரு பெரிய நிறுவனம் நூத்துக்கணக்கான மெஷினுக்கு ஒரே கீயா வாங்கும், எம்ஏகேன்னு சொல்வாங்க, அது ஒண்ணு வெளில கசிஞ்சா போதும், எத்தனை பேருக்கு வேணா விக்கலாம், எண்ணிக்கை தாண்டுனா மொத்தமா பிளாக். இல்லைன்னா காயலான் கடைக்குப் போன கம்ப்யூட்டர் முதுகுல இருந்த ஸ்டிக்கர்ல எடுத்த கீ. இல்லைன்னா மாணவருக்கும் டெவலப்பருக்கும் சலுகையா குடுத்தது. ரொம்ப மோசமான வகைன்னா எவனோட கிரெடிட் கார்டையோ திருடி வாங்குன கீ, கார்டுக்காரர் புகார் குடுத்ததும் கீயும் செத்துடும். எனக்கு வந்தது எந்த ரகம்னு இப்ப கண்டுபிடிக்க வழி இல்ல.

அடையாளம் கேட்டீங்கன்னா, பாக்ஸ், ஹோலோகிராம் எல்லாம் விடுங்க, இப்ப கீ மெயில்லதான வருது. செல்லர் பேச்சைக் கவனிங்க. "ஒரு தடவைதான் ஆக்டிவேட் ஆகும், திரும்ப இன்ஸ்டால் பண்ணாதீங்க"ன்னு சொன்னா, இல்ல ஆக்டிவேஷன் திரைல வர்ற நம்பரை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, பதில் நம்பர் நான் தரேன்னு சொன்னா, அது வீட்டு உபயோக லைசென்ஸே இல்லைன்னு அவரே வாக்குமூலம் குடுக்குறாரு. என் செல்லர் ரெண்டாவது விஷயத்தை சொன்னாரு, நான் என்னடான்னா இவ்ளோ பொறுமையா சர்வீஸ் பண்றாரேன்னு அஞ்சு ஸ்டார் போட்டேன்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். நாலு வருஷம் அது ஒழுங்கா ஓடுச்சு. அதே மாதிரி செகண்ட்ஹேண்ட் லைசென்ஸ் எல்லாமே திருட்டுன்னும் சொல்லிட முடியாது, ஐரோப்பிய ஒன்றியத்துல 2012 ஜூலைல, பழைய லைசென்ஸ் விக்கிற யூஸ்டுசாஃப்ட் கம்பெனிக்கும் ஆரக்கிளுக்கும் நடந்த வழக்குல ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், நிரந்தரமா வாங்குன சாஃப்ட்வேர் லைசென்ஸை முதல் ஆள் வித்துக்கலாம்னே தீர்ப்பு சொல்லிருக்கு. ஆனா அதுலயே ரெண்டு கொக்கி இருக்கு. விக்கிறவர் தன்கிட்ட இருக்குற காப்பியை உபயோகிக்க முடியாதபடி பண்ணிடணும். பத்து பேருக்குன்னு மொத்தமா வாங்குனதை பிச்சுப் பிச்சு விக்கக் கூடாது. ஆன்லைன்ல அடிமாட்டு விலைக்கு வர்ற கீல எத்தனை இந்த ரெண்டையும் தாண்டும்னு நீங்களே யோசிங்க.

இப்ப நெஜமான போட்டிக்கு வருவோம், ஓஇஎம்மும் (மெஷினோட சேத்து வர்ற லைசென்ஸ்) ரீட்டெயிலும். ரெண்டுமே ஒரிஜினல், ரெண்டுமே சட்டப்படி. ரீட்டெயில் போட்டா விண்டோஸ் வேகமா ஓடாது, கூட ஒரு வசதியும் வராது, ஹோம்னா ஹோம், ப்ரோன்னா ப்ரோ, அப்டேட்டும் ஒண்ணுதான். அப்புறம் எதுக்கு கூட காசுன்னு நானும் கேட்டவன்தான். பதில் ஒரே வார்த்தைல சொல்லணும்னா, இடமாத்தம்.

ஓஇஎம் லைசென்ஸ் எந்த மெஷின்ல முதல்ல போனதோ அதோடயே வாழ்ந்து அதோடயே சாகும். லேப்டாப்ல விண்டோஸ் 8 வந்த காலத்துலேர்ந்து, அதாவது 2012லேர்ந்து, கீயை போர்டுல இருக்குற ஃபர்ம்வேர்லயே (போர்டுக்குள்ளயே பதிஞ்சிருக்குற சாஃப்ட்வேர்) எழுதி விட்டுடறாங்க, திரும்ப இன்ஸ்டால் பண்ணா அதுவே எடுத்துக்கும், நாம எதையும் அடிக்க வேணாம். வசதிதான், மறுக்கல. ஆனா மெஷின்ங்கிறது என்ன? ரேம் மாத்தலாம், எஸ்எஸ்டி மாத்தலாம், கிராஃபிக்ஸ் கார்டு மாத்தலாம், ஆக்டிவேஷன் பெரும்பாலும் கண்டுக்காது. போர்டை மாத்தினா மட்டும் அதோட கண்ணுக்கு நீங்க வேற கம்ப்யூட்டர். வாரண்டில தயாரிச்ச கம்பெனியே பழுதுக்காக போர்டு மாத்திக் குடுத்தா லைசென்ஸையும் அவங்களே சரி பண்ணிக் குடுப்பாங்க. நீங்களா அப்கிரேடுக்காக மாத்தினா ஓஇஎம் அங்கயே முடிஞ்சுது. அப்புறம், ஓஇஎம்ல ஏதாச்சும் சிக்கல்னா கேக்க வேண்டிய இடமும் மெஷினை வித்தவங்கதான், சொந்தமா அசெம்பிள் பண்ணவனுக்கு மெஷினை வித்தவன் யாரு, அவனேதான்.

ரீட்டெயில்ல அந்த முடிச்சு கிடையாது. ஒரு நேரத்துல ஒரு மெஷின்ல மட்டும் இருக்கணும், பழசுலேர்ந்து எடுத்துடணும், அவ்ளோதான், அடுத்த மெஷினுக்கு எத்தனை தடவை வேணா தூக்கிட்டுப் போகலாம். இதுல ஒரு வேலை மட்டும் முன்கூட்டியே பண்ணி வைங்க, போர்டு போனப்புறம் பண்ண முடியாது. விண்டோஸ் 10ல 2016ல வந்த பெரிய அப்டேட்டுக்கு அப்புறம், டிஜிட்டல் லைசென்ஸை (மைக்ரோசாஃப்ட்கிட்ட நம்ம மெஷின் பேர்ல பதிவாகி இருக்குற ஆக்டிவேஷன்) நம்ம மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோட இணைச்சுக்கலாம். இணைச்சிருந்தா புது போர்டு போட்டதும் அதே அக்கவுன்ட்ல உள்ள போய், ஆக்டிவேஷன் பக்கத்துல ட்ரபிள்ஷூட்டைத் தட்டி, "சமீபத்துல ஹார்டுவேர் மாத்தினேன்"ங்கிறதைத் தேர்ந்தெடுத்தா பழைய மெஷின் பேரைக் காட்டும், அதைக் காட்டி மாத்திக்கலாம். மெஷினுக்கு அடையாளம் தெரியிற மாதிரி பேரு வச்சுக்கோங்க, நாலு மெஷினும் டெஸ்க்டாப்னு ஆரம்பிச்சு பின்னாடி குழப்பமா எழுத்து இருந்தா எதைத் தொடுறதுன்னு முழிக்கணும்.

போர்டு என்ன வருஷா வருஷமா போகுதுன்னு கேக்கலாம். போகாதுதான். ஆனா போகாமலே மாத்த வேண்டிய நிலைமை வந்துச்சு பாருங்க. விண்டோஸ் 10க்கு இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப் வசதி வேணும், சிபியூ அவங்க பட்டியல்ல இருக்கணும், இதனாலயே நல்லா ஓடிட்டு இருந்த போர்டைக் கழட்டினவங்க எத்தனையோ பேரு. ஓஇஎம் வச்சிருந்தவங்க போர்டு, சிபியூ, ரேமோட சேத்து லைசென்ஸுக்கும் இன்னொரு தடவை காசு எடுத்து வைக்கணும். என்கூட வேலை பாக்குற அண்ணன் ஒருத்தர் 2016ல வாங்குன விண்டோஸ் 10 ரீட்டெயில் கீ, இப்ப மூணாவது போர்டுல விண்டோஸ் 11 ஆக ஓடிட்டு இருக்கு. வாங்குனப்ப அவரை நாங்க எல்லாரும் சேந்து கலாய்ச்சோம், அதுல நான்தான் முன்னாடி.

விக்கிறப்பவும் இதேதான் முக்கியம். பழைய மெஷினை விக்கப் போறீங்கன்னா ஓஇஎம் அதோடயே போயிடும், வாங்குறவருக்கு லாபம், உங்களுக்கும் விலை சொல்ல ஒரு காரணம். ரீட்டெயில்னா கீயைக் கழட்டிட்டு குடுங்க, கமாண்ட் ப்ராம்ப்டை அட்மின்ல திறந்து எஸ்எல்எம்ஜிஆர் /யூபிகே அடிச்சா போயிடும் (இங்க எழுத்துக் கூட்டி எழுதிருக்கேன், அடிக்கிறப்ப ஆங்கில எழுத்துல அடிங்க).

உங்ககிட்ட இப்ப இருக்குறது எதுன்னு பாக்கணுமா, அதே எஸ்எல்எம்ஜிஆர், பின்னாடி /டிஎல்ஐ. ஒரு சின்ன பெட்டி வரும், அதுல ஓஇஎம், ரீட்டெயில், வால்யூம் மூணுல ஒண்ணு எழுதிருக்கும். வால்யூம்னா நிறுவனங்கள் மொத்தமா வாங்குறது, வீட்டு மெஷின்ல அப்படி இருந்தா விசாரிங்க. அதுலயும் கேஎம்எஸ்னு இருந்தா இன்னும் மோசம், அது நிறுவனத்துக்குள்ள இருக்குற சர்வர் 180 நாளைக்குன்னு குடுத்து புதுப்பிச்சுட்டே இருக்குற ஆக்டிவேஷன், உங்க வீட்டுல அப்படி ஒரு சர்வர் இல்லைல்ல, அப்ப யாரோ போலியா ஒண்ணை உள்ள ஓட விட்டிருக்காங்க. கடைல அசெம்பிள் பண்ணி வாங்குற மெஷினை அங்கயே நின்னு இப்படி ஒரு தடவை பாத்துட்டு காசு குடுங்க, அரை நிமிஷ வேலை. கீயைக் காட்டுற சின்ன சாஃப்ட்வேரை மட்டும் நம்பி பதறாதீங்க, டிஜிட்டல் லைசென்ஸ் மெஷின்ல அது பல பேருக்கு பொதுவான ஒரே கீயைத்தான் காட்டும், அது தப்பு இல்ல. எந்த லைசென்ஸ் வாங்குனாலும் இன்ஸ்டால் பண்ற ஃபைலை மைக்ரோசாஃப்ட் தளத்துலேர்ந்தே இறக்குங்க, அது இலவசம்தான், ஒரிஜினல் கீயை வாங்கிட்டு எவனோ குடுத்த ஐஎஸ்ஓல (இன்ஸ்டால் ஃபைல்) போடுறது பெரிய கொடுமை.

ஆஃபீஸ் விஷயத்துல என் அனுபவம் கம்மி, சப்ஸ்கிரிப்ஷன் ஒரு வருஷம்தான் வச்சிருந்தேன், இப்ப லிப்ரேஆஃபீஸ்ங்கிற இலவச சாஃப்ட்வேர்லயே வேலை ஓடுது, ஆனா எக்செல்லை அழுத்தி உபயோகிக்கிறவங்களுக்கு இது சரிப்படுமான்னு நான் சொன்னா நம்பாதீங்க. ஒரு தடவை காசு குடுக்குற ஆஃபீஸ்லயும் தேதியைப் பாருங்க, 2021 பதிப்புக்கு சப்போர்ட் 2026 அக்டோபர்ல முடியுது, 2024 பதிப்புக்கு 2029 அக்டோபர், பழசை மலிவா தள்ளி விடுறவங்க இதை சொல்ல மாட்டாங்க. அதை விட முக்கியமா ஒண்ணு, "மைக்ரோசாஃப்ட் 365, ஆயுசு முழுக்க, அஞ்சு டிவைஸ்"னு விப்பாங்க, கீ தர மாட்டாங்க, ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் தருவாங்க. 365ங்கிறது மாசமோ வருஷமோ கட்டுற சந்தா, அதுல ஆயுசு முழுக்கன்னு ஒண்ணு விக்கிறதே இல்ல. அந்த அக்கவுன்ட் எவனோ நடத்துற நிறுவனக் கணக்குக்குள்ள உங்களுக்குன்னு திறந்த ஒரு அறை, சாவி அட்மின்கிட்ட. அவர் நினைச்சா பாஸ்வேர்டை மாத்தலாம், நீங்க ஒன்ட்ரைவ்ல போட்ட ஃபைலைத் திறந்து பாக்கலாம், அக்கவுன்ட்டையே அழிக்கலாம். மலிவு கீ போனா மூலைல சாம்பல் எழுத்துதான் வரும், இதுல உங்க ஆவணமே இன்னொருத்தர் வீட்டுல கெடக்கு.

அக்கா பையன் காலேஜுக்கு லேப்டாப் வாங்கப் போறான், மாமா ரீட்டெயில் வாங்கணுமான்னு கேட்டான். வேணாம்டா, அதுல ஓஇஎம் உள்ளயே வரும், லேப்டாப் போர்டை நீ எங்க மாத்தப் போற, அதையே வச்சுக்கோ, பில்லை மட்டும் போட்டோ எடுத்து மெயில்ல போட்டு வைன்னு சொல்லிட்டேன்.