வாசித்துக் காட்டுவதா, தனியே வாசிக்க விடுவதா?

பிள்ளைக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்துவிட்டால் போதும், அதுவரை மடியில் வைத்துக் கதை படித்துக் காட்டிய பெரியவர்கள் "இனிமே நீயே படி" என்று ஒதுங்கிவிடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன். மகளுக்கு அப்போது ஆறு வயது. இரண்டு மாதத்தில் அவள் புத்தகத்தைத் தொடுவதே அரிதாகிவிட்டது. அதற்கு அப்புறம்தான் இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது.

முதலில் தனி வாசிப்பு. அதன் பலம் பெரியது. எழுத்தைப் பார்த்ததும் சொல் தானாக மனதில் எழும் சரளம், கண் ஓடி ஓடித்தான் வரும். நாம் ஆயிரம் கதை படித்துக் காட்டினாலும் அது வராது. பிடித்த பக்கத்தைப் பத்து முறை புரட்டலாம், பிடிக்காததைத் தாண்டிப் போகலாம். அந்தச் சுதந்திரத்தை வேறு எந்த வழியும் தராது.

ஆனால் ஆறு வயதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று, மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. இரண்டில் எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம்தான். ஆறு வயதில் இரண்டாவது வெகுதூரம் முன்னால் போயிருக்கும், முதலாவது தத்தித் தத்தி வரும். காதால் கேட்டால் காடு, திருடன், துரோகம், பிரிவு என்று எல்லாம் புரிகிற குழந்தையின் கையில், "பூனை வந்தது, பந்து உருண்டது" என்ற புத்தகத்தைக் கொடுக்கிறோம். கதையின் சுவையே போய்விடுகிறது. மகள் புத்தகத்தை விட்டதற்குக் காரணம் சோம்பல் இல்லை, பசிக்கு ஏற்ற சாப்பாடு கிடைக்கவில்லை.

வாசித்துக் காட்டுவது அந்த இடைவெளியை நிரப்புகிறது. அதிலும் எப்படி வாசிக்கிறோம் என்பது முக்கியம். 1988இல் வைட்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர், இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பெற்றோரை இரு பிரிவாக்கினார்கள். இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவுதான் படித்துக் காட்டினார்கள். ஆனால் ஒரு பிரிவினர் மட்டும் நடுவில் நிறுத்தி, "இது என்ன செய்யுது?", "அப்புறம் என்ன ஆகும்?" என்று கேட்டு, குழந்தையின் பதிலைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னார்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சுத்திறன் பல மாத வளர்ச்சி அளவுக்கு முன்னே போய்விட்டது.

எங்கள் வீட்டில் ஒரு யானைக் கதை. குட்டி ஆற்றைக் கடந்துவிட்டது, தாய் இன்னும் கடக்கவில்லை. பக்கத்தைத் திருப்பப் போனேன். மகள் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள். "இரு, குட்டி ஏன் திரும்பிப் பார்க்கல?" "நீ என்ன நினைக்கிற?" என்றேன். படத்தில் குட்டியின் காதை விரலால் தடவியபடி, "அம்மா வர்ற சத்தம் அதுக்குக் கேக்குது, அதனால பார்க்க வேணாம்" என்றாள். கதையில் அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. அந்த ஒரு பக்கத்திலேயே கால் மணி நேரம் போனது.

ஒலிப்புத்தகம்? பயணத்துக்கு நல்லது. எழுத்தோடு போராடும் பிள்ளைக்குப் பெரிய துணை. ஆனால் உள்ளங்கை வைத்தால் அது நிற்காது. டேப்லெட் புத்தகத்தில் வேறு தொல்லை: 37 பெற்றோர்-குழந்தை ஜோடிகளை வைத்து 2019இல் வெளிவந்த ஆய்வில், காகிதப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் கதையைப் பற்றிய பேச்சு குறைந்திருந்தது.

படிக்கவைக்கப் பரிசு ஆசை காட்டுவதில்தான் எனக்கு உடன்பாடே இல்லை. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று ஆய்வாளர்கள், வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சிறுவர்களிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார்கள். பிற்பாடு, விளையாட்டு நேரத்தில் அவர்கள் வரைந்த நேரம் மற்றவர்களைவிடப் பாதியளவுக்குக் குறைந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு இந்த இழப்பு இல்லை. ஆசையே இல்லாத பிள்ளையைத் தொடங்கவைக்கப் பரிசு உதவக்கூடும், அதை மறுக்கவில்லை. ஆனால் பத்துப் புத்தகம் முடித்தால் பரிசு என்றால், பிள்ளை பத்து ஒல்லிப் புத்தகமாகத்தான் தேடும்.

சரி, எதை எடுப்பது? ஒன்றை மட்டும்தான் எடுக்க முடியும் என்றால், பத்து வயது தாண்டும் வரையாவது வாசித்துக் காட்டுவதை விடாதீர்கள் என்பேன். இரண்டும் முடியும் என்றால் இன்னும் நல்லது. இப்போது நான் அவளுக்கு எட்டாத புத்தகத்தை எடுத்து, பரபரப்பான இடத்தில் நிறுத்தி, அடையாளத்துக்கு ஒரு காகிதம் செருகி, தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வருகிறேன். போன வாரம் ஒரு காலையில், அந்தக் காகிதம் நான்கு பக்கம் தள்ளி இருந்தது. அன்றிரவு அந்த நான்கு பக்கத்தை அவள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள், நடுநடுவே நிறுத்தி, "அப்புறம் என்ன ஆகும், சொல்லு" என்று கேட்டபடி.