அல்ஹம்பிரா: வழிகாட்டியுடன் ஒரே நாளா, கிரனாடாவில் ஓரிரவா?

தென் ஸ்பெயினுக்குச் செல்வோர், இடைக்காலத்தில் அங்கு ஆண்ட முஸ்லிம்களான மூர்களின் அல்ஹம்பிரா அரண்மனைத் தொகுதியை வழிகாட்டியுடன் ஒரே நாளில் பார்த்துத் திரும்புவதா, அது அமைந்துள்ள கிரனாடா நகரில் தங்கித் தாமாகவே பார்ப்பதா என்று தயங்குவதுண்டு.

நுழைவுச்சீட்டு: அல்ஹம்பிராவின் முக்கியப் பகுதியான நஸ்ரிய (அங்கு ஆண்ட மூர் அரச மரபு) அரண்மனைகளுக்குள் சீட்டில் குறித்த நேரத்தில் மட்டுமே நுழைய முடியும்; நெரிசல் காலத்தில் சீட்டுகள் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். வழிகாட்டியுடனான சுற்றுலாவில் இது ஏற்பாட்டாளரின் கவலை. தனியாகச் செல்வோர் தாமே முன்பதிவு செய்ய வேண்டும். எப்படிச் சென்றாலும் கடவுச்சீட்டு அவசியம்.

செலவு: சுற்றுலாக் கட்டணம் கூடுதல்தான், தனிப் பயணத்திலோ அறை வாடகை சேரும்.

பயணம்: கிரனாடாவுக்கு மலாகா நகரிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், செவில்யா நகரிலிருந்து மூன்று மணி நேரம் வரை.

பார்க்கும் விதம்: நஸ்ரிய மன்னர் ஐந்தாம் முகம்மது 14ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சிங்க முற்றத்தில் 124 மெல்லிய பளிங்குத் தூண்களும், 12 சிங்கங்கள் தாங்கும் நீரூற்றும் உள்ளன. அரண்மனைச் சுவர்களில் "இறைவனன்றி வெல்வோர் எவருமில்லை" என்ற அரபு வாசகம் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டிருப்பதை, அரபு அறியாதோர் வழிகாட்டி சுட்டாவிட்டால் பூவேலை என்றே எண்ணிக் கடப்பர். ஆனால் குழுவுடன் செல்பவர் ஓரிடத்தில் விரும்பியபடி நிற்க இயலாது. அரண்மனைகளை அடுத்துள்ள ஹெனராலிஃபே தோட்டங்களில் இந்த அவசரம் உண்மையிலேயே உறுத்தும்.

மலாகாவில் தங்கி, விடுமுறையும் குறைவாக உள்ளோருக்குச் சுற்றுலாவே பொருந்தும். செவில்யாவிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்புவதை, முதியோரையோ குழந்தைகளையோ அழைத்துச் செல்வோருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்; அவர்கள் கிரனாடாவில் தங்கி, அரண்மனைக்கு மட்டும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம்.