பச்சிளம் குழந்தைக்கு வீட்டில் ட்யூப் ஃபீடிங்: நர்ஸ் வைப்பவர்கள் கவனத்துக்கு

குறைமாதக் குழந்தையை, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ட்யூபோடு டிஸ்சார்ஜ் செய்து கூட்டிவரப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். என் தங்கை மகனுக்கு நடந்தது.

32 வாரத்தில் பிறந்தவன். அந்த வயதில் உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் ஒன்றுசேர வராது. அதனால் ட்யூபில்தான் தாய்ப்பால். வீட்டில் பார்த்துக்கொள்ள, சென்னையில் ஒரு ஹோம் நர்சிங் ஏஜென்சியில் "என்.ஐ.சி.யு. (பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) அனுபவமுள்ள நர்ஸ்" என்று சொல்லி, முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு பெண்ணை அனுப்பினார்கள்.

குழந்தை ட்யூபை இழுத்துவிட்டான். அந்தப் பெண் மறுபடி போட்டாள். சிரிஞ்சால் காற்றடித்து, வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்து, "சத்தம் கேக்குதுக்கா, உள்ளதான் இருக்கு" என்றாள். பாலை சிரிஞ்சில் அழுத்தி ஏற்றினாள். உடனே இருமல், உதடு நீலம் பாய்ந்தது. தங்கை அலறிய பிறகுதான் நிறுத்தினாள். எக்ஸ்ரேயில் ட்யூப் நுனி மூச்சுக்குழாய்ப் பக்கம் போயிருந்தது. நுரையீரலில் பால். நிமோனியா, ஆக்சிஜன், மறுபடி என்.ஐ.சி.யு. பிள்ளை தேறிவிட்டான். ஆனால் அவன் பட்ட பாட்டை என்னால் மறக்க முடியவில்லை.

அந்தச் சத்தத்தை நம்பவே கூடாது. குழந்தை உடம்பு அத்தனை சிறியது, ட்யூப் நுரையீரலில் இருந்தாலும் காற்றுச் சத்தம் வயிற்றில் கேட்கும். பிரிட்டனில் 2005-லேயே இந்த முறையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ட்யூபிலிருந்து கொஞ்சம் திரவத்தை உறிஞ்சி, பிஎச் பேப்பரில் (அமிலத்தன்மையை எண்ணாகக் காட்டும் தாள்; அமிலம் அதிகமானால் எண் குறையும்) பார்க்க வேண்டும். 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் பால். திரவம் வரவில்லை, அல்லது எண் அதிகம் என்றால் பால் கொடுக்காமல் டாக்டரிடம் கேளுங்கள்; எக்ஸ்ரே தேவைப்படலாம். அசிடிட்டி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாலும் எண் ஏறும், அதையும் சொல்லுங்கள். மூக்குத் துவாரத்தின் விளிம்பில் ட்யூபின் எந்த சென்டிமீட்டர் கோடு இருக்கிறது என்று எழுதிவைத்து, ஒவ்வொரு தடவையும் ஒப்பிடுங்கள். பாலை அழுத்தக் கூடாது. சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தால் தானாக இறங்கும்.

ஏஜென்சியிடம் அந்தப் பெண்ணின் நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டோம். இல்லை. முதியவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவளாம். பணமும் திரும்ப வரவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். யாரை வைத்தாலும் முதலில் பதிவு எண்ணை வாங்குங்கள். பால் ஏற்றும்போது இருமலோ மூச்சுத்திணறலோ நீலமோ தெரிந்தால், யார் என்ன சமாதானம் சொன்னாலும் பாலை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.