டிடிஎஸ் மீட்டர் சொல்லாதது: கும்பகோணம் வீட்டில் ஆர்ஓ, குழாய், ஈயச்சொம்பு அனுபவம்

ஆர்ஓ வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "உங்க வீட்டுத் தண்ணி டிடிஎஸ் எவ்வளவு?" என்பதுதான். டிடிஎஸ் என்றால் தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு. லெட் என்கிற ஈயத்தைப் பற்றிக் கவலை என்றால் அந்த எண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பேனா மாதிரி இருக்கும் அந்த மீட்டர் அளப்பது, தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை மட்டும். உப்பு, சுண்ணாம்பு, மெக்னீசியம் எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாக வந்து நிற்கும். ஐஎஸ் 10500 என்கிற இந்தியக் குடிநீர்த் தரத்தில் ஈயத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதில் தளர்வே கிடையாது. மீட்டரோ ஒன்று, இரண்டு என்று முழு எண்ணில் பேசுவது. ஒன்றில் நூறில் ஒரு பங்கை அது எங்கே காட்டப் போகிறது? 150 காட்டும் தண்ணீரில் ஈயம் இருக்கலாம், 1,500 காட்டும் தண்ணீரில் துளிகூட இல்லாமலும் இருக்கலாம். நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டிப்படும்.

எங்கள் வீடு மாமனாரின் அப்பா கட்டியது. கொள்ளிடத்திலிருந்து வரும் கார்ப்பரேஷன் தண்ணீர் சம்ப்பில் விழுந்து, மோட்டார் வழியாக மாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து குழாய்களுக்கு இறங்குகிறது. கோடையில் வரத்து குறைந்தால் போர்வெல் தண்ணீரும் அதே தொட்டிக்குத்தான். சுவருக்குள் பாதி பழைய ஜிஐ பைப், பாதி பிற்பாடு ஒட்டுப்போட்ட பிவிசி, முனையில் பித்தளை டேப். கும்பகோணத்தில் கொஞ்சம் வயதான வீடுகள் பலவும் இந்தக் கதம்பம்தான்.

இந்தக் கதம்பத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஆற்றிலிருந்து ஈயம் வருவது அபூர்வம். வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் பெரும்பாலும் சேர்கிறது. பித்தளையைக் கடைசல் பிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று அதில் கொஞ்சம் ஈயம் சேர்ப்பார்கள், வழக்கமாக இரண்டு மூன்று சதவீதம். மேலே குரோமியம் பளபளத்தாலும் தண்ணீர் படும் உள்பக்கம் வெறும் பித்தளை. ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சிலும் அந்தக் காலத்தில் ஈயம் கலந்திருக்கும். பிவிசியை உருக்கி வார்க்கும்போது சூட்டில் கெட்டுப்போகாமலிருக்க ஒரு ரசாயனம் சேர்க்க வேண்டும். நம் நாட்டில் நெடுங்காலம் அது ஈய உப்பு. 2021ல்தான் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பிவிசி குழாய்களில் இதைக் கட்டுப்படுத்த விதிகள் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் சுவரில் புதைத்ததை யாரும் தோண்டி எடுக்கப் போவதில்லை.

ஆர்ஓ விற்க வந்த பையன் ஒரு வித்தை காட்டினான். இரண்டு டம்ளர், ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவன் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி கரண்டு கொடுத்தான். எங்கள் டம்ளர் ஒரு நிமிஷத்தில் செம்மண் குழம்பாகிவிட்டது. அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டார். கரைந்தது அவன் கொண்டுவந்த இரும்புக் கம்பி. எங்கள் தண்ணீரில் தாது உப்பு இருப்பதால் கரண்டு பாய்கிறது, கம்பி கரைகிறது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, கரண்டு அவ்வளவாகப் பாயவில்லை, கம்பி அப்படியே இருக்கிறது. அந்த டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு மறுபடி கரண்டு கொடுக்கச் சொன்னேன். "அது ப்ரொசீஜர்ல இல்ல மேடம்" என்றான். அவன் கம்பெனி மெஷினை வாங்கவில்லை. வேறொன்று வாங்கினோம், அதுவும் ஆர்ஓதான்.

ஏனென்றால் ஈயத்தைப் பிடிப்பதில் ஆர்ஓ கெட்டிக்காரன். உள்ளே தண்ணீரை வடிகட்டும் மெல்லிய சவ்வான மெம்பிரேன் கிழியாமல் இருந்தால் கரைந்த உலோகத்தில் பெரும்பகுதியை நிறுத்திவிடும். குறை வேறு இடத்தில். நம் ஊரில் விற்கும் பெரும்பாலான மெஷின்களில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்ன வால்வு இருக்கிறது. தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று ஜனங்கள் சொல்வதற்காக, மெம்பிரேன் பக்கம் போகாத தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து, யூவி விளக்கு, யூஎஃப் என்கிற நுண்வடிகட்டி மட்டும் காட்டி, சுத்தமானதோடு கலப்பதுதான் அதன் வேலை. யூவி கிருமியைக் கொல்லும். கரைந்த ஈயத்தை ஒன்றும் செய்யாது. யூஎஃப்பும் அப்படியே. நல்ல மெஷினுக்குக் காசு கொடுத்துவிட்டு அதன் முதுகுக்குப் பின்னாலேயே ஒரு கள்ள வழியும் வைத்துக்கொள்கிறோம். சர்வீஸ் ஆள் வந்ததும் அந்த வால்வை முழுக்க மூடச் சொன்னேன். "ருசி இருக்காது மேடம்" என்றார். முதல் வாரம் காபி ஒரு மாதிரிதான் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

வருஷக் கணக்கில் ஓட்டிய பிறகு ஆர்ஓவைப் பற்றி என் அபிப்ராயம் கலவையானது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஏறக்குறைய மூன்று லிட்டரைக் கழிக்கிறது. அதை வாளியில் பிடித்துத் தரை துடைக்கிறோம், வாசல் தெளிக்கிறோம். செடிக்கு ஊற்றியதில் கறிவேப்பிலைக் கன்று கருகியது, அதோடு நிறுத்தியாயிற்று. கோடையில் போர் தண்ணீர் ஏறும்போது மெம்பிரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. டிடிஎஸ் 500க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்ய வேண்டும் என்று 2019ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கொள்ளிடத் தண்ணீர் மட்டும் வரும் மாதங்களில் உப்புக்காக எங்களுக்கு இந்த மெஷின் தேவையே இல்லை. பிறகு அவரவர் வீட்டில் எல்லாரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: சமையலுக்கு எந்தத் தண்ணீர்? ஆர்ஓ தண்ணீரைக் குடித்துவிட்டு, அரிசி வேக வைப்பதும் பருப்பு வேக வைப்பதும் சிங்க் டேப் தண்ணீரில். அரிசி அந்தத் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டல்லவா சாதமாகிறது.

ஆகவே மெஷினை விட எனக்கு உருப்படியாக உதவியது பரிசோதனை. தண்ணீர் சோதிக்கும் எல்லா லேபும் உலோகம் பார்ப்பதில்லை. வழக்கமான ரிப்போர்ட்டில் பிஎச், கடினத்தன்மை, இரும்பு, ஃப்ளூரைடு, கிருமி அவ்வளவுதான். ஈயம் வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டும். அங்கீகாரம் உள்ள தனியார் லேப் ஒன்று அமிலம் விட்ட பாட்டில்கள் கொடுத்தது. இரண்டு மாதிரி எடுப்பதுதான் சூட்சுமம். ராத்திரி முழுக்கத் திறக்காத சமையலறை டேப்பில் விடிகாலை விழும் முதல் தண்ணீர் ஒன்று. அதே டேப்பை நன்றாகத் திறந்து ஓடவிட்ட பிறகு பிடித்தது இன்னொன்று. முதல் பாட்டில் வரம்பைத் தாண்டியிருந்தது. இரண்டாவதில் கருவி கண்டுபிடிக்கும் அளவுக்குக்கூட இல்லை. தொட்டியில் குற்றமில்லை, ஆற்றில் குற்றமில்லை. ராத்திரி முழுக்கத் தண்ணீர் தங்கியிருந்த டேப்பும் அதை ஒட்டிய கொஞ்ச நீளக் குழாயும்தான். ஒரு பாட்டிலோடு நிறுத்தியிருந்தால் இது விளங்கியிருக்காது.

பிளம்பருக்குப் பிடிஎம்டி டேப் போடச் சொன்னதில் வருத்தம். "அக்கா, பித்தளைன்னா காலத்துக்கும் உழைக்கும். இது பிளாஸ்டிக்கு, நாளைக்கே என்னைத்தான் திட்டுவீங்க." திட்டும்படி ஒன்றும் ஆகவில்லை. கைப்பிடி ஒரு முறை உடைந்தது, சல்லிசாக மாற்றியாயிற்று. சிங்க்குக்கு மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதுவரை வரும் பைப்பைச் சுவருக்கு வெளியே சிபிவிசியில் இழுத்தோம். அதுவும் பிவிசியில் ஒரு வகைதான், ஆனால் அதில் சூட்டுக்குச் சேர்ப்பது ஈய உப்பு இல்லை, பெரும்பாலும் டின் என்கிற வெள்ளீயக் கலவை. பார்க்க அழகில்லை. அத்தை அதன் மேல் ஒரு காலண்டரை மாட்டிவிட்டார். மறுபடி எடுத்த விடிகாலை மாதிரி வரம்புக்கு நன்றாகக் கீழே வந்தது. மொத்தச் செலவு ஆர்ஓவின் ஒரு வருஷ சர்வீஸைவிடக் குறைவு.

போர் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் மாறி மாறி வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஃபிளின்ட் நகரத்தில் 2014 ஏப்ரலில் நடந்தது நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். குழாய்கள் அதே பழைய குழாய்கள்தான். தண்ணீரை மட்டும் வேறு ஆற்றுக்கு மாற்றினார்கள், அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. உள்ளே படிந்திருந்த காப்புப் படலம் கரைந்து ஈயம் கிளம்பியது. நம் வீட்டுக் குழாயிலும் போர் தண்ணீரின் சுண்ணாம்பு படிவதும், பிறகு வேறு தண்ணீர் வருவதும் வருஷா வருஷம் நடக்கிறது. அதனால் ஒரு ரிப்போர்ட்டை ஃபிரேம் போட்டு மாட்டிவைத்துப் பிரயோஜனமில்லை. கோடையில் ஒன்று, காவிரியில் தண்ணீர் ஓடும்போது ஒன்று என்று பார்ப்பது நல்லது.

ஈயச்சொம்புக்கு வருவோம். இந்த ஊரில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் இருக்க முடியாது. ரசம் வைக்கும் சொம்பு சுத்த வெள்ளீயத்தில் இருக்க வேண்டியது. 232 டிகிரியில் உருகிவிடும், அதனால்தான் ரசத்தை ஊற்றாமல் அடுப்பில் வைக்கக் கூடாது என்பார்கள். வெள்ளீயம் விலை உயர்ந்தது, ஈயம் மலிவு, இரண்டும் எளிதாகக் கலக்கும். கலப்பதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சொம்பை எடை போட்டு, நிறைந்த பாத்திரத்தில் முக்கி, வழிந்த தண்ணீரை அளந்து வகுத்துப் பார்த்தேன். வெள்ளீயம் என்றால் 7.3 அருகில் வரணும், ஈயம் 11.3. ஆனால் பத்து சதவீதம் ஈயம் கலந்திருந்தால்கூட எண் 7.6தான், வழிந்த தண்ணீரை அளப்பதில் நம் கை பிசகுவதே அதைவிட அதிகம். ஈயம் நிறையக் கலந்திருந்தால்தான் இந்த முறையில் மாட்டும்.

கடைசியில் தங்கத்துக்கு டச் பார்க்கும் எக்ஸ்ரே மெஷின் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனேன். மெஷின்காரர் சிரித்தார், ஆனாலும் வைத்துப் பார்த்துச் சொன்னார்: ஈயம் இருக்கிறது, அதுவும் ஒதுக்கித் தள்ளும் அளவில் இல்லை. புளி, தக்காளி, எலுமிச்சை என்று புளிப்பெல்லாம் அதில்தான் கொதிக்கிறது. குழாய் ராத்திரி முழுக்கச் செய்வதை இந்தச் சொம்பு அரை மணியில் செய்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அத்தையிடம் சொன்னேன்.

"எங்க மாமியார் காலத்துலேருந்து இதுலதான் ரசம். எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம்."

"பெரியவங்க உடம்புல ஏறறதவிட சின்னப் புள்ளைங்க உடம்புல நாலஞ்சு மடங்கு ஏறுமாம் அத்தை. பாப்பாவுக்கு ரசஞ்சாதம்தான் சாப்பாடே."

அதற்கு மேல் பேசவில்லை. சொம்பு பரணுக்குப் போயிற்று, எவர்சில்வரில் ரசம். வாசனை கொஞ்சம் குறைவுதான், அதை மறைப்பதற்கில்லை. பித்தளைப் பாத்திரத்துக்குத் தெருவில் ஈயம் பூச வருகிறவரிடமும் இப்போது கொடுப்பதில்லை. அவர் கையில் இருக்கும் குச்சியில் என்ன கலவை என்று அவருக்கே தெரியாது. ஆர்ஓ தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் ஊற்றி வைக்கும் பழக்கமும் வேண்டாம். உப்பு நீங்கிய தண்ணீர் உலோகத்தை இன்னும் வேகமாக அரிக்கும்.

பாப்பாவுக்கு ரத்தத்தில் ஈயம் பார்க்க டாக்டரிடம் நாங்களாகக் கேட்டுத்தான் எழுதி வாங்கினோம். உலக சுகாதார நிறுவனம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்றால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது. அமெரிக்காவில் 2021லிருந்து 3.5. பாப்பாவுக்கு ஐந்துக்குக் கீழே வந்தது. டாக்டர் இரும்புச்சத்து டானிக்கும் எழுதினார். இரும்புச்சத்து குறைவாக இருந்தால் ஈயம் இன்னும் சுலபமாக ஏறும். பழைய ஜன்னல் கம்பிகளின் பெயின்ட் உரிவதையும் பார்க்கச் சொன்னார். 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் ஈயம் கூடாது என்ற பெயின்ட் விதி நடைமுறைக்கு வந்தது 2017ல்தான். எங்கள் ஜன்னல்கள் அதற்கெல்லாம் ரொம்ப மூத்தவை. சுரண்டாமல், ஈரத்துணியால் துடைத்து மேலே பூசச் சொல்லியிருக்கிறோம். உதிரி மஞ்சள்தூள் வாங்குவதையும் விட்டாயிற்று. பளிச்சென்ற நிறத்துக்காக லெட் குரோமேட் கலப்பார்கள். கிழங்கு வாங்கி மில்லில் அரைக்கிறோம்.

கேன் தண்ணீரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அதுவும் பெரும்பாலும் ஆர்ஓ தண்ணீர்தான், எந்த மெம்பிரேனை எப்போது மாற்றினார்கள் என்பது மட்டும் நமக்குத் தெரியாது. கரண்டு இல்லாத நாட்களுக்கு ஒன்று வைத்திருக்கிறோம்.

மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் பைப்பை மாற்ற முடியாது, ஹவுஸ் ஓனர் விடமாட்டார். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். காலையில் முதலில் வரும் தண்ணீரை ஒரு வாளி பிடித்துப் பாத்ரூமுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதன் பிறகு உலை வைக்கப் பிடியுங்கள். டேப் முனையில் சல்லடை இருந்தால் மாதம் ஒரு முறை கழற்றித் தட்டுங்கள். உலோகத் துகள் அதில்தான் தங்கும். எங்கள் வீட்டில் இன்னும் பாக்கி இருப்பது தொட்டியிலிருந்து கீழே இறங்கும் பழைய பிவிசி. பொங்கல் கழித்து மாற்றித் தருகிறேன் என்று பிளம்பர் சொல்லியிருக்கிறார். எந்தப் பொங்கல் என்று சொல்லவில்லை.