குண்டுமல்லி, பிச்சி, முல்லை: ஒரு செடிக்குத்தான் இடம் என்றால் எது?

நல்ல வெயில் விழும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதில் குண்டுமல்லியை வைத்தேன். பிச்சியையும் (ஜாதிமல்லி என்பதும் இதுதான்) வளர்த்துப் பார்த்திருக்கிறேன். முல்லையைப் பிறர் தோட்டத்தில் பார்த்ததும் பறித்ததும்தான், அதனால் அதைப் பற்றி இங்கே சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

பூ இல்லாத நேரத்தில் அடையாளம் கண்டுபிடிக்க இலையே போதும். குண்டுமல்லிக்கு அகலமான ஒற்றை இலை. பிச்சிக்கு ஒரே காம்பில் ஐந்து முதல் ஒன்பது வரை சிற்றிலைகள் இருக்கும், மொட்டின் வெளிப்புறம் லேசாகச் சிவந்திருக்கும். முல்லைக்கு நடு இலை பெரிதாகவும் அதன் அடியில் காது மாதிரி இரண்டு பொடி இலைகளும் இருக்கும். வெயில், வடிகால், பதியம் போடுவது (கிளையை மண்ணில் வளைத்துப் புதைத்து வேர்விட வைப்பது), தண்டு நட்டு வேர்பிடிக்க வைப்பது, இதிலெல்லாம் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும், வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

மணத்தை மட்டும் பார்த்தால் பிச்சிக்கே என் ஓட்டு. பிரான்சின் கிராஸ் நகரத்து வாசனைத் திரவியத் தொழிலுக்குப் பெயர் வாங்கித் தந்த மல்லிகை அதுதான். ஆனால் வீட்டில் வைத்துப் பராமரிக்கும்போது மணத்தைவிட கவாத்துதான் (கிளைகளை வெட்டிவிடுவது) எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, நான் குண்டுமல்லிப் பக்கம் சாய்ந்ததும் அதனால்தான்.

மல்லிகை பூப்பது புதுத் தளிரில். பழைய கிளை எவ்வளவு தடித்து நின்றாலும் அதனால் பூ அதிகமாகாது, வெட்டினால்தான் தளிர் வரும், தளிர் வந்தால்தான் மொட்டு. குண்டுமல்லி இயல்பிலேயே புதர், எனவே பூ ஓய்ந்த குளிர்காலத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு மொத்தமாக வெட்டிவிடலாம். காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தொழு உரம் வைத்துத் தண்ணீர் விட்டால், வெட்டிய இடத்துக்குக் கீழே கணுக்களில் பச்சை முளை தட்டத் தொடங்கும். பயப்படாமல் வெட்டலாம், தாங்கும்.

பெரிய கவாத்து ஆண்டுக்கு ஒருமுறைதான் என்றாலும் சீசனில் சின்னதாக ஒன்று உண்டு, பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கிளை நுனியில் பெரும்பாலும் மூன்று மொட்டுகள் சேர்ந்திருக்கும், நடுமொட்டு முதலில் விரியும், பக்கத்து இரண்டும் பிறகு. மூன்றும் முடிந்ததும் அந்த நுனியை அடுத்த இலை ஜோடிக்கு மேலே கிள்ளிவிடுங்கள். அந்த இரண்டு இலைகளின் இடுக்கிலிருந்தும் பெரும்பாலும் ஆளுக்கொரு தளிர் கிளம்பும், ஒவ்வொன்றின் நுனியிலும் மறுபடி மொட்டு வரும். கையாலேயே செய்துவிடலாம், கத்தரிகூட வேண்டாம்.

பிச்சியிலும் இதே தத்துவம்தான், ஆனால் அது நீளமாக வளைந்து ஓடுகிற கொடி. பந்தலோ கம்பியோ வேண்டும், ஒரு சீசன் அசந்துவிட்டால் அடி மொட்டையாகி, பூவெல்லாம் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். வேலிமேல் படரவிட நீளமான இடம் இருப்பவர்களுக்கு இதுவே வரம், தொட்டிக்காரர்களுக்கு ஓயாத வேலை. முல்லையும் படரும் சுபாவம்தான். பூ சின்னது, பூக்கும்போது கொத்துக்கொத்தாகக் கொட்டும். இலையில் வெள்ளைக் கம்பளி ஒட்டியது போல வரும் சிலந்திப்பேன் தொல்லை அதற்குக் கூடுதலாக உண்டு என்கிறார்கள்.

பறிக்கும் நேரத்தையும் யோசியுங்கள். குண்டுமல்லியை முற்றிய மொட்டாகப் பகலிலேயே பறித்து வைத்தால் இரவில் தானாக விரிந்து மணக்கும். சீனத்தில் மல்லிகைத் தேநீருக்கு மணமேற்றுவதே இப்படித்தான்: பகலில் பறித்த மொட்டைத் தேயிலையோடு கலந்து வைக்கிறார்கள், இரவில் அது விரியும்போது வாசத்தைத் தேயிலை உறிஞ்சிக்கொள்கிறது. பிச்சியின் இதழ் மெல்லிசு, சீக்கிரம் துவளும். வாசனைத் திரவியத்துக்கு எடுப்பவர்கள் விடியற்காலையிலேயே விரிந்த பூவைப் பறிக்கிறார்கள். காலையில் நேரமில்லாதவர்களுக்கு இது சரிப்படாது.

குண்டுமல்லியிலும் குறை இருக்கிறது. மொட்டுக்குள் துளைத்துத் தின்னும் மொட்டுப்புழு வரும். ஊதா நிறமாகி வாடிய மொட்டுகளை உடனே கிள்ளி அப்புறப்படுத்துவது முதல் வேலை. மண் சுண்ணாம்புத்தன்மையாக இருந்தால் நரம்பு மட்டும் பச்சையாக நின்று இளம் இலை மஞ்சளாகும், அது இரும்புச்சத்துக் குறை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கலந்து இலையில் தெளித்தால் தேறிவிடும். குளிரும் இதற்கு ஆகாது, அந்த விஷயத்தில் பிச்சி கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அதனால் குளிர் அதிகமான இடத்தில் இருப்பவர்கள் பிச்சியையே பாருங்கள்.

குண்டுமல்லிதான் என்று முடிவு செய்துவிட்டால் வாங்கும்போது ஒரு விஷயம்: ரோஜா மாதிரி இதழ் அடுக்கிய வகை கண்ணைப் பறிக்கும், ஆனால் எண்ணிக்கையில் கம்மியாகவே பூக்கும். தினமும் கை நிறையப் பூ வேண்டும் என்றால் இதழ் குறைந்த சாதாரண வகையைக் கேட்டு வாங்குங்கள், அதிலும் ஒரே குச்சியாக உயர்ந்ததை விட்டுவிட்டு அடியிலேயே மூன்று நான்கு கிளை பிரிந்த கன்றாகப் பார்த்து எடுங்கள்.