பிளையிங் ஸ்கொட்ஸ்மனுக்கு எந்த டெண்டர்?

வன்னியில் கரிக்கோச்சியின் சிறிய மாதிரி உருவம் வைத்திருக்கும் ஆள் அபூர்வம். இருந்தால், அது அநேகமாக லண்டன் மாமாவோ சித்தப்பாவோ அனுப்பிய, ஹோர்ன்பி என்ற பிரித்தானிய மாதிரி றெயில் நிறுவனத்தின் பழைய பெட்டியாகத்தான் இருக்கும். பழையது என்றால் கொஞ்சம் சந்தேகத்தோடு திறப்பது நல்லது. எஞ்சின் ஒரு காலம், பின்னால் கரியும் தண்ணியும் சுமக்கும் டெண்டர் இன்னொரு காலம் என்று கலந்து வரும். இதில் அதிகம் குழப்புவது இங்கிலாந்தின் புகழ்பெற்ற நீராவி எஞ்சினான பிளையிங் ஸ்கொட்ஸ்மன்.

அழகில் என் வாக்கு, மேல் விளிம்பில் கம்பிகள் ஓடும் பழைய டெண்டருக்கு. 1923 இல் எஞ்சின் கட்டப்பட்டபோதும், 1924 இல் வெம்பிளிக் கண்காட்சியில் நின்றபோதும் பின்னால் இருந்தது இந்த வகைதான். அந்த ஆரம்ப ஆண்டுகளில் 4472 என்ற இலக்கத்தை எழுதியதும் டெண்டரின் பக்கத்தில்தான். எஞ்சினின் பக்கத்திலும் இலக்கம், டெண்டரின் பக்கத்திலும் இலக்கம் என்றால், அல்லது இரண்டிலும் இல்லை என்றால், யாரோ மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள்.

நடைவழி டெண்டரின் கதை வேறு. 1928 மே 1 இல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு 392 மைலை எங்கும் நிற்காமல் ஓடத் தொடங்கினார்கள். கொழும்பு–யாழ்ப்பாணம் றெயில் தூரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அவ்வளவு தூரத்துக்கு ஒரே சாரதியையும் கரி அள்ளுபவரையும் வாட்ட முடியாது. அதனால் டெண்டரின் வலப்பக்கத்தில் 18 அங்குல அகலம், 5 அடி உயரத்தில் ஒரு வழி விட்டார்கள். மாற்று ஆட்கள் பயணிகள் பெட்டியிலிருந்து குனிந்தபடி எஞ்சினுக்கு வருவார்கள். மாதிரியில் டெண்டரின் பின்புறம், பெட்டியோடு இணைக்கும் மடிப்புத் துருத்தி ஒன்று இருந்தால் இதுதான். 1934 இல் மணிக்கு 100 மைல் தொட்டபோதும் நடைவழி டெண்டர்தான்.

மூன்றாவது, நடைவழி இல்லாத, பக்கம் வழுவழுப்பான டெண்டர். 60103 என்ற இலக்கத்தோடு பிரித்தானிய ரயில்வேயில் ஓடிய காலத்துக்கு இது. இன்றைய படங்களைப் பார்த்து இதை முடிவு செய்யாதீர்கள். இப்போது ஓடும் எஞ்சினில் 60103 இலக்கம், இரட்டைப் புகைபோக்கி, புகையை ஒதுக்கும் தகடுகள் எல்லாம் இருந்தும், பின்னால் வருவது நடைவழி டெண்டர். 1963 இல் சேவையிலிருந்து விலகி ஒரு தனியார் கைக்குப் போன பிறகு பூட்டியது அது. 1961 ஆம் ஆண்டைக் காட்டும் மாதிரிக்கு அந்தச் சோடி ஒத்துவராது. இன்றைய சுற்றுலா ஓட்டத்துக்கு அச்சொட்டாகப் பொருந்தும்.

தோற்றம் சரி, உள்ளே என்ன? பழைய ஹோர்ன்பிகள் பலவற்றில் மோட்டர் டெண்டருக்குள் இருக்கும், புதியவற்றில் எஞ்சினுக்குள். டெண்டரைத் தனியாக வாங்கினால் இரண்டு மோட்டர் சேரலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். டெண்டர் மோட்டரென்றால் சில்லுகளின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். வயதானால் இறுகிப் பிடிப்பை விட்டுவிடும்.

எங்கள் தண்டவாளத்தின் அகலம் ஐந்தரை அடி. இந்த மாதிரிகளின் 1:76 அளவில் அது 22 மில்லிமீட்டர் வர வேண்டும். ஹோர்ன்பியோ 16.5 இல் ஓடுகிறது. ஆகவே முறிகண்டிப் பிள்ளையார் கோயிலைப் பக்கத்தில் வைத்தாலும் இது இங்கிலாந்துக் கோச்சிதான். வைப்பவர்களை நான் தடுக்கப் போவதில்லை.

ஒன்றுதான் வாங்கலாம் என்றால், 4472 ஐயும் நடைவழி டெண்டரையும் ஒரே பெட்டியில், ஒரே தயாரிப்பாக வாங்குங்கள். கம்பி டெண்டர் பிறகு மலிவாகக் கிடைத்தால், மோட்டர் இல்லாததாகப் பார்த்து அலுமாரிக்கு எடுக்கலாம்.