70 மீட்டர் தள்ளி மாட்டுக் கொட்டகை: 10 ஸ்கொயர் அலுமினிய ஆர்மர்டு கேபிள் எப்படி?

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டம். வீட்டு மீட்டர் பெட்டியிலிருந்து மாட்டுக் கொட்டகைக்கு 70 மீட்டர். அங்கே சோளத்தட்டும் கோ 5 புல்லும் வெட்டுகிற 2 எச்.பி. சாஃப் கட்டர், 1 எச்.பி. கறவை மிஷின், சில டியூப் லைட், ஃபேன். எல்லாம் சிங்கிள் பேஸ். இதற்காக இரண்டு கோர் (உள்ளே இரண்டு கம்பி), 10 ஸ்கொயர் எம்.எம். (கம்பியின் குறுக்குப் பரப்பு) அலுமினிய ஆர்மர்டு (இரும்புக் கம்பிக் கவசம் சுற்றிய) கேபிள் வாங்கிப் புதைத்தேன். ஒரு கோடையும் மழைக்காலமும் தாண்டியாயிற்று. கொடுத்த காசுக்கு முழுத் திருப்தி.

முதலில் விசாரித்த கடையில், "அண்ணா, ரெண்டரை ஸ்கொயர் காப்பரே இருபது ஆம்பியர் தாங்குங்க, அது போதும்" என்றார்கள். தாங்கும்தான், வயர் உருகாது. ஆனால் தூரத்தைக் கணக்கில் எடுக்காமல் ஆம்பியரை மட்டும் பார்த்துக் கேபிள் வாங்கக் கூடாது. 70 மீட்டர் என்றால் கரண்ட் போக 70, திரும்ப 70, மொத்தம் 140 மீட்டர் கம்பி. இரண்டரை ஸ்கொயர் செம்பில் அதற்கு ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) ஏறத்தாழ 1 ஓம். கட்டர் மோட்டார் 12 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 12 வோல்ட் போய்விடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்டார்ட் ஆகிற நொடியில் மோட்டார் நாலைந்து மடங்கு இழுக்குமே, அப்போது 50 வோல்ட் போய்விடும். சாயங்காலம் எங்கள் லைனில் வருவதே 200 வோல்ட்தான். மிச்சம் 150. வோல்டேஜ் 80 சதவீதமாக இறங்கினாலே மோட்டாரின் முறுக்கு விசை 64 சதவீதமாகிவிடும். 150 வோல்ட்டில் பாதிகூடத் தேறாது. புல் சிக்கிய கட்டர் உறுமிக்கொண்டே நிற்கும், வைண்டிங் கருகும்.

நான் புதைத்த அலுமினியக் கேபிளில் அதே தூரத்துக்கு 0.43 ஓம்தான். கட்டர் ஓடும்போது 5 வோல்ட், ஸ்டார்ட்டிங்கில் 20, 25 வோல்ட் குறையும். கறவை மிஷினும் சேர்ந்து 20 ஆம்பியர் போனாலும் 9 வோல்ட்டைத் தாண்டாது. கொட்டகை டிபி-யில் (சுவிட்சுகள் இருக்கும் மின் விநியோகப் பெட்டி) மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், கணக்கு ஒத்துவந்தது. கட்டர் சுவிட்சைப் போட்டால் டியூப் லைட் ஒரு சிமிட்டல் சிமிட்டும், அவ்வளவுதான்.

6 ஸ்கொயர் செம்பு வாங்கியிருக்கலாமே என்று பக்கத்துத் தோட்டத்து மாமா கேட்டார். ரெசிஸ்டன்ஸ் இரண்டுக்கும் ஒன்றே, கிலோமீட்டருக்கு 3.08 ஓம். விலையில்தான் வித்தியாசம், அதுவும் நல்ல வித்தியாசம். மண்ணுக்குள் போகிற கேபிள் கொஞ்சம் தடிமனாக இருந்தால் என்ன போயிற்று? அப்புறம், எங்கள் வரப்பில் பெருச்சாளித் தொல்லை அதிகம். உள்ளே சுற்றியிருக்கும் இரும்புக் கம்பியைப் பெருச்சாளியால் கடித்துத் துண்டாக்க முடியாது. அதற்காகவே ஆர்மர்டு. இரண்டரை அடி ஆழம் வெட்டி, மணல் போட்டுக் கேபிளை வைத்து, மேலே மறுபடி மணலும் செங்கல்லும் அடுக்கி மூடினோம்.

கஷ்டம் இரண்டு முனையிலும்தான். கேபிள் விறைப்பாக இருக்கும், டிபி-க்குள் சட்டென்று வளைக்க முடியாது. விட்டத்தைப் போல 12 மடங்காவது வளைவு கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், அலுமினியக் கம்பியை அப்படியே எம்.சி.பி.க்குள் (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) சொருகித் திருகக் கூடாது. அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக் கொடுக்கும், திருகு லூசாகும், அந்த இடம் சூடேறும். எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி கம்பியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பேஸ்ட் தடவி, பின் லக் (கம்பி முனையில் மாட்டும் ஊசி மாதிரியான உலோக முனை) போட்டுக் கிரிம்ப் செய்தார், அதாவது அழுத்தி இறுக்கினார். அவசரப்படாமல் செய்தார், அதற்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும். லக், பித்தளை கிளாண்டு (கேபிளைப் பெட்டியோடு இறுக்கிப் பிடிக்கும் பாகம்) செலவையும் கேபிள் விலையோடு சேர்த்தே யோசியுங்கள்.

ஆர்மரை இரண்டு பக்கமும் கிளாண்டு வழியாக எர்த்தில் சேருங்கள். கொட்டகைக்குத் தனி எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும். ஈரத் தரையில் நாலு காலையும் அகல ஊன்றி நிற்கிற மாடு, நமக்கு உறைக்காத சின்னக் கசிவுக்கே துடித்துப்போகும்.

கொட்டகை 15 மீட்டருக்குள், லைட்டும் ஃபேனும் மட்டும் என்றால் இத்தனை பெரிய கேபிள் தேவையில்லை, பைப்புக்குள் இரண்டரை ஸ்கொயர் செம்பே போதும். மோட்டார் இருந்தால் தூரத்தை டேப் பிடித்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கேபிள் உறைமேல் ஐ.எஸ். 7098 (இந்தியத் தர எண்) என்று இருக்கிறதா பாருங்கள். மீட்டருக்கு மீட்டர் எண்ணும் அச்சடித்திருக்கும். வெட்டும்போது முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கழித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.